பெரும்பத்தன் கல் – நகைத் தொழிற் கருவிகள் சொல்லும் வரலாறு



சென்ற ஆண்டு நம் பள்ளியில் 'எங்கள் வீட்டுப் பழம்பொருள்' என்று ஒரு சிறு கண்காட்சி வைத்தோம். பிள்ளைகள் பித்தளைச் செம்பு, அரிக்கேன் விளக்கு, அம்மிக்குழவி, தகரப் பெட்டி என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா கொண்டு வந்தே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார், கத்தி தீட்டுற கல்லு. தாத்தா பால்மரம் சீவுன காலத்துல வச்சிருந்தாரு. வீட்டுல வேற ஒண்ணும் இல்ல சார்" என்றான். சொல்லும்போதே அவன் முகம் கவிழ்ந்துவிட்டது.

வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை நீளத்தில் கன்னங்கரிய கல். ஒரு பக்கம் தீட்டித் தீட்டிப் பள்ளம் விழுந்திருந்தது. மறுபக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது, மயிரிழை போன்ற மஞ்சள் கோடுகள் நாலைந்து மின்னின. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கத்தி தீட்டுவதற்கென்று வாங்கிய கல்லே அன்று. பொன்னின் தரம் பார்க்கும் உரைகல்!

அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் விசாரித்தேன்.

"ஆமாம் வாத்தியாரே, எங்க மாமனாரு பத்தருதான். ஊருலேருந்து பட்டறைச் சாமானோடதான் கப்பல் ஏறுனாராம். டவுன்ல பட்டறை போட்டிருந்தாரு. சப்பான்காரன் வந்தப்போ நகை செய்ய ஒருத்தரும் வரல. இருக்கிற நகைய வித்து அரிசியும் கெழங்கும் வாங்கத்தான் அலைஞ்சாங்களாம். இவரும் சாமானையெல்லாம் ஒண்ணொண்ணா வித்துத் தின்னுட்டு, கடைசியில தோட்டத்துல பேரு பதிஞ்சாரு. இந்தக் கல்ல மட்டும் யாருக்கும் குடுக்கல. அவரு போனப்பறம் எங்க வீட்டுக்காரரு இதுல கத்தி தீட்டுனாரு" என்றார் பாட்டி.

1942 முதல் 1945 வரை நடந்த சப்பானியர் ஆட்சி எத்தனையோ குடும்பங்களின் தொழிலைப் புரட்டிப் போட்டது. ஆனால் அந்தப் பத்தர் விற்றுத் தின்ற சாமான்கள் என்னென்ன? அவற்றின் வரலாறுதான் என்ன? அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

பட்டறைச் சாமான்கள்

பட்டணத்தில் தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் ஒரு முதிய பத்தர், தம் பெட்டியைத் திறந்து எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். கரி நெருப்புக்குக் குமுட்டி. அதை ஊதுவதற்கு ஊதுகுழல். பொன்னை உருக்க மண்ணால் செய்த மூசை. அடித்து நீட்ட இரும்புப் பட்டடை, சிறியதும் பெரியதுமாகச் சுத்தியல்கள். பற்றி எடுக்கச் சாமணம், இழுக்கக் குறடு, தேய்க்க அரம், வெட்டக் கத்தரி. எல்லாம் சேர்த்து ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. ஒரு மனிதன் தன் தொழிற்சாலையையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடல் கடந்துவிடலாம்!

அவற்றுள் என்னைக் கவர்ந்தது கம்பியச்சு. அது ஓர் எஃகுத் தகடு. அதில் ஒன்றைவிட ஒன்று சிறியதாக வரிசையாய்த் துளைகள். பொன்னைக் குச்சியாக அடித்து, நுனியைக் கூராக்கிப் பெரிய துளையில் நுழைத்துக் குறட்டால் இழுப்பார்கள். பிறகு அடுத்த துளை, அதற்கடுத்த துளை. இழுக்க இழுக்கப் பொன் விறைத்துப் போகும். உடனே தணலில் காட்டி இளக்கிக்கொள்ள வேண்டும். "அவசரப்பட்டா அறுந்து போயிடும் தம்பி" என்றார் பெரியவர். பொறுமையாக இழுத்தால் ஒரு கிராம் தங்கம் சுமார் 2 கிலோமீட்டர் நீளக் கம்பியாகும். கம்பியச்சு வருவதற்கு முன்னர், மெல்லிய தகட்டை நாடாவாக வெட்டி, முறுக்கி, உருட்டிக் கம்பி செய்தார்கள்.

கம்பியை வளைத்துப் பூவும் கொடியும் செய்து ஒட்டுவதற்குப் 'பொடி' வேண்டும். பொன்னோடு வெள்ளியும் செம்பும் கலந்த அந்தப் பொடி, நகையைவிடச் சற்று முன்னதாக உருகும். வெங்காரம் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் ஊதினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு மூச்சு கூடினால் நகையே உருகிவிடும்! 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று நாம் சொல்வது இந்தப் பட்டறையிலிருந்து வந்த வழக்கு என்பர். கல் பதிக்கும்போது உள்ளே அரக்கு இட்டு, ஓரத்தில் குந்தனத் தகட்டை அழுத்துவார்கள். முடிந்த நகையைப் புளித்தண்ணீரில் காய்ச்சி அழுக்கெடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் கழுவினால் பளபளவென்று ஆகிவிடும். பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட எறிய மாட்டார்கள். அதிலும் பொன்தூள் உண்டு.

கொடுமணல் மணிகள்

கம்பிக்குப் பொன் வேண்டும். பதிக்கவும் கோக்கவும் கல் வேண்டும். தமிழகத்தின் ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்து என்னும் சங்க நூல் கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்தபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மணித் தொழிற்கூடங்களின் சான்றுகள் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. பளிங்கு, சூதுபவளம், செவ்வந்திக்கல், நீலம், நீலப்பச்சை நிறமான பெரில் ஆகிய கற்கள் கிடைத்தன. உடைத்து வைத்தவை, பாதி தேய்த்தவை, துளையிடாதவை என்று ஒவ்வொரு நிலையிலும் மணிகள் இருந்தன. வேலையைப் பாதியில் வைத்துவிட்டுச் சோறுண்ணப் போனவர்கள் திரும்பி வராதது போல!

வேலை முறை இதுதான்: கல்லைச் சில்லு சில்லாக உடைத்து உருவம் கொடுப்பார்கள். பிறகு தேய்ப்பார்கள். பிறகு வில் நாணில் சுற்றிச் சுழற்றும் துளைக்கருவியால் ஓட்டை போடுவார்கள். கடைசியில் மெருகேற்றுவார்கள். சூதுபவளத்தை நெருப்பில் சூடேற்றினால் அதன் சிவப்பு கூடும் என்பதும் அக்காலத்தவருக்குத் தெரிந்திருந்தது. கல்லைத் தேய்க்க வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள குருந்தக்கல் அந்த வட்டாரத்திலேயே கிடைத்தது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரே தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்.

பக்கத்திலுள்ள படியூரில் பெரில் கல் வெட்டியெடுக்கப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, பெரில் கல் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிதாகவே கிடைக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். ரோமாபுரிப் பெண்மணிகள் கழுத்தில் மின்னிய கற்களில், ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கைவேலையும் கலந்திருக்கக்கூடும்.

உரைகல்லும் மஞ்சாடியும்

இனி நம் மாணவன் கொண்டுவந்த கல்லுக்கு வருவோம். உரைகல் என்பது நுண்ணிய கரிய கல். அதில் நகையை ஓர் இழுப்பு இழுத்தால் கோடு விழும். தரம் தெரிந்த பொன்னாலும் பக்கத்தில் ஒரு கோடு இழுப்பார்கள். இரண்டு நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, கலப்பு எவ்வளவு என்று பத்தர் சொல்லிவிடுவார். கல்லில் ஒட்டிய பொன்னையும் வீணாக்காமல் மெழுகால் ஒற்றி எடுத்துக்கொள்வார்கள். பொன்னின் தரத்துக்கு 'மாற்று' என்று பெயர். பத்தரை மாற்றுத் தங்கம் என்றால் குறையே இல்லாதது.

மாணவர்களே, நீங்கள் மலாய்ப் பாடத்தில் தரம் என்ற பொருளில் 'மூத்து' என்று எழுதுகிறீர்களே, அது தமிழ் 'மாற்று' என்பதிலிருந்து வந்தது என்று சொல்லாய்வாளர் காட்டுவர். மலாய்க்காரர்கள் உரைகல்லை 'பத்து உஜி' என்பார்கள். நீங்கள் எழுதும் 'உஜியான்' என்ற சோதனையும் அந்த உஜியிலிருந்து பிறந்ததே!

பள்ளித் திடலில் விழுந்து கிடக்கும் சிவப்பு நிறச் சாகா விதைகளைச் சேர்த்து விளையாடுகிறீர்கள் அல்லவா? அதுதான் நம் மஞ்சாடி. மலாய்ப் பொற்கொல்லரும் அதை எடையாக வைத்துப் பொன் நிறுத்தார்கள். சோழர் காலக் கணக்கில் 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராச சோழன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுத்ததாக அக்கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. பேரரசன் கொடுத்த பொன்னுக்கும் விதையின் பெயரில்தான் கணக்கு!

கடல் கடந்த கல்

நம் கெடாவுக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற இடம் இருக்கிறது. 'மணிக்குன்று' என்பது அப்பெயரின் பொருள். மழை பெய்தால் மண்ணிலிருந்து பாசிமணிகள் வெளிப்படும் பழைய துறைமுகப் பகுதி அது. அங்கே ஓர் உரைகல் கிடைத்தது. அதில் பழைய தமிழ் பிராமி எழுத்தில் சில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அறிஞர்கள் அதைப் 'பெரும்பத்தன் கல்' என்று படித்தார்கள். பெரும்பத்தன் என்பவனுடைய கல் என்று பொருள். பத்தன் என்பது பொற்கொல்லனைக் குறிக்கும். நாம் இன்றும் பத்தர் என்கிறோமே, அதே சொல். காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. தென்கிழக்காசியாவில் கிடைத்த மிகப் பழைய தமிழ் எழுத்துச் சான்றுகளுள் இது ஒன்று.

நம் நாட்டிலும் பேராக்கில் கோலா செலின்சிங் என்ற சதுப்புநிலக் கரையில், 1920-களிலும் 1930-களின் தொடக்கத்திலும் ஈவன்ஸ் என்ற ஆய்வாளர் அகழ்ந்தபோது, கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. கெடாவின் சுங்கை மாசில் கண்ணாடி மணி செய்த தடயங்கள் உள்ளன. இவற்றைச் செய்தவர் அனைவரும் தமிழரே என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இவ்வட்டாரத்து மக்களும் கற்றார்கள், செய்தார்கள். தொழில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதுதானே அதன் இயல்பு! மலாக்காவில் 'ஜாலான் துக்காங் எமாஸ்', அதாவது பொற்கொல்லர் தெரு, இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயமும் அத்தெருவில்தான் உள்ளது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். இராசேந்திர சோழன் 1025-இல் கடாரம் வென்றதை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். பிள்ளைகளும் மனப்பாடம் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதற்குச் சுமார் 700 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தொழிலாளியின் கல் இக்கரைக்கு வந்துவிட்டது. அதில் பொறித்திருந்தது எந்த மன்னன் பெயரும் அன்று, உழைத்தவன் பெயர். அவன் கொண்டுவந்தது வாள் அன்று, கருவி. மன்னன் அனுப்பிய படை வந்து திரும்பிப் போனது. பெரும்பத்தனின் கல்லோ இந்த மண்ணிலேயே தங்கிவிட்டது.

அந்தச் சீட்டு

மறுநாள் அந்த மாணவனிடம், "கல்லுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு சீட்டு எழுது" என்றேன். வெகுநேரம் யோசித்து இப்படி எழுதினான்: "உரைகல். எங்கள் பூட்டன் இதில் பொன் உரைத்தார். எங்கள் தாத்தா இதில் கத்தி தீட்டினார்." இரண்டு வரியையும் அவன் ஒரே அளவு எழுத்தில்தான் எழுதியிருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது. கம்பி அறாமல் இழுப்பதும், மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவதும் ஒரே கைப்பக்குவந்தானே! ஒருவருடைய பெருமையையும் சிறுமையையும் அவர் செய்யும் செயலை வைத்தே அளக்க வேண்டும் என்று சொல்ல வந்த வள்ளுவரும், பத்தரின் கட்டளைக்கல்லைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார்.

இப்போது நகைகள் பெரும்பாலும் இயந்திரத்தில் வருகின்றன; 916 என்ற முத்திரையைப் பார்த்து வாங்கிக்கொள்கிறோம். பத்தர் பட்டறைகள் அருகிவிட்டன. தோட்டங்களும் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பல குடும்பங்கள் பட்டணம் போய்விட்டன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய சாமான்தான். ஆகையால் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பால்மரக் கத்தி, மங்கு, காண்டா, தையல் பெட்டி, எதுவாயினும் எறிவதற்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டு, இது யாருடையது, எந்த ஆண்டில் எங்கே வைத்திருந்தது என்று சொல்லுங்கள். மாணவர்களே, அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரும்பத்தன் தன் பெயரைக் கல்லில் பொறித்ததால் அல்லவா இன்று நமக்கு அவனைத் தெரிகிறது! நம் வீட்டுப் பெரியவர்களின் பெயரை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

வளர்க நம் பள்ளி! வாழ்க உழைக்கும் கைகள்!