கத்ரீனாவின் நகர்வலம்

மெக்சிகோவில் நவம்பர் முதலிரு நாள்களும் இறந்தோர் வீடு திரும்பும் நாள்கள். முதல்நாள் குழந்தைகளும் மறுநாள் பெரியவர்களும் வருவர் என்பது நம்பிக்கை. படையல் மேடையில் இறந்தவரின் படம், அவர் விரும்பிய உணவு, தண்ணீர், மெழுகுவர்த்தி ஆகியவற்றை வைத்து, அவர் வழி தவறாதிருக்கச் செம்பாசுச்சில் என்னும் பூவின் இதழ்களைத் தூவுவர். நாம் கேந்தி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் அழைக்கும் பூவே அது. அதன் தாய்நிலமும் மெக்சிகோவே.

இவ்விழா என்றதும் இன்று உலகம் நினைப்பது பூத்தொப்பி அணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டியை. அவள் பெயர் கத்ரீனா. நகரச் சுவரோவியங்களிலும் ஊர்வலங்களிலும் அவளைக் காண்போருள், தொன்மையான சடங்கு தெருவுக்கு வந்து மலினமாயிற்று என வருந்துவோரும் உளர். அவ்வருத்தம் எந்த அளவுக்குச் சரி என்று அறிய அவளது பிறப்பை நோக்குதல் வேண்டும்.

அவள் தொல்குடிக் கோயிலில் பிறந்தவள் அல்லள், அச்சகத்தில் பிறந்தவள். ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913) மெக்சிகோ நகரில் வனேகாஸ் அர்ரோயோவின் அச்சகத்துக்குப் படம் செதுக்கியவர். தெருவில் விற்கும் மலிவுத் தாள்களுக்காக, தம் வாழ்வின் இறுதியாண்டுகளில் அவர் செதுக்கியதே இவ்வுருவம். தம் பூர்வகுடி வேரை மறைத்து ஐரோப்பியராய் நடித்தோரை அது எள்ளி நகையாடியது. அதில் தலையும் தொப்பியும் மட்டுமே உண்டு. உடலும் நீளாடையும் தந்தவர் தியேகோ ரிவேரா. 1947-இல் அலமேதா பூங்காவைக் கனவாகத் தீட்டிய பெருஞ்சுவரோவியத்தில், கத்ரீனாவை நடுவில் நிறுத்தி, ஒருபுறம் போசாதாவையும் மறுபுறம் அவள் கைபற்றிய சிறுவனாகத் தம்மையும் வரைந்தார். ஆக, நாம் தொன்மை எனக் கருதுவது, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நகரக் கலைஞர் இருவர் ஆக்கிய வடிவம்.

எல்லைக்கு வடக்கேயும் இதுவே நிகழ்ந்தது. 1972-இல் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களின் மெக்சிக வழிவந்த கலைஞர்கள் இவ்விழாவைக் கலைக்கூடத்துக்கும் வீதிக்கும் கொணர்ந்தனர். வீட்டுக்குள் இருந்த படையல் மேடை அங்கே பொதுக்கலையாயிற்று. பின்னாளில் எய்ட்ஸ் நோயால் மாண்டோருக்கும், எல்லை கடக்கையில் மடிந்தோருக்கும் மேடைகள் எழுந்தன. குடும்பத்தார் நினைத்த இறந்தோரை ஊரே நினைக்கத் தொடங்கியது.

வணிகமும் பின்தொடர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 2013-இல் டிஸ்னி நிறுவனம் விழாவின் பெயரையே வணிகக்குறியாகப் பதிய விண்ணப்பித்து, எதிர்ப்பு எழவே பின்வாங்கியது. 2015-இல் வெளியான 'ஸ்பெக்டர்' திரைப்படத்துக்காக மெக்சிகோ நகரில் ஒரு மாபெரும் ஊர்வலம் கற்பனையாகப் படமாக்கப்பட்டது. அத்தகைய ஊர்வலம் அதற்குமுன் அந்நகரில் இருந்ததில்லை. 2016-இல் அரசே அதை உண்மையில் நடத்தியது. படத்தைப் பார்த்துப் பிறந்த மரபு எனப் பலர் எள்ளினர். அவ்வெள்ளலில் நியாயம் இருந்தது.

ஆனால் 2017 செப்டம்பர் 19-இல் நிலநடுக்கம் நேர்ந்தது. மாநகரில் மட்டும் 228 பேர் மாண்டனர். இடிபாடுகளுக்குள் சிக்கியோரின் குரல் கேட்க வேண்டி, மீட்போர் முட்டியை உயர்த்தினால் சுற்றியிருந்தோர் அனைவரும் மௌனமாயினர். சில வாரங்கள் கழித்து அவ்வாண்டு ஊர்வலம் வந்தபோது, உயர்த்திய அம்முட்டியும் மீட்போரின் தலைக்கவசமும் அதன் முன்னே சென்றன. திரைப்படத்திலிருந்து இரவல் வாங்கிய வடிவத்துள் அந்நகரத்தின் சொந்தத் துயரம் புகுந்துகொண்டது. கொரோனாவின் 2020-இல் கல்லறைகள் மூடப்பட்டன, ஊர்வலமும் இல்லை. மக்கள் தத்தம் வீட்டு மேடைக்கே திரும்பினர்.

எனவே, பழையதா புதியதா என்னும் வினாவைவிட, எவருக்காக என்னும் வினாவே இங்குப் பொருத்தமானது என்பது நம் எண்ணம். மேடையில் ஒரு பெயரும் முகமும் இருக்கும்வரை அது படையல்; அவை நீங்கின் வெறும் அலங்காரம். சுவரில் எழுதினும் காகிதக்கூழில் சமைப்பினும் இதில் மாற்றமில்லை.

போசாதா வறுமையில் இறந்தார். ஏழைகளுக்கான இலவசக் குழியில் புதைக்கப்பட்டார். கோருவார் இன்மையால் சில ஆண்டுகளில் அவரது எலும்புகள் பொதுக்குழியில் சேர்ந்தன. எலும்புகளுக்கு உயிர் தந்தவருக்கு இன்று கல்லறை இல்லை. நவம்பர்தோறும் தெருவில் இறங்கும் கத்ரீனாக்களுள் ஒருத்தியேனும் அவர் பெயரை நினைந்து நடப்பாளாயின், அதுவே அவருக்குரிய படையல்.