உள்ளங்கையளவு பிடிப்பு: பந்தய டயரின் கதை

கம்பம் பள்ளத்தாக்கிலும் வருசநாட்டு மலையடிவார ஊர்களிலும் வாழும் வாசகர்களுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் புதிதன்று. தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரித்து ஓட்டுவார்கள். அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது ஒரு மாட்டின் வேகத்தை அன்று. இரண்டு மாடுகளின் பொருத்தத்தைத்தான். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் வண்டி நேரே போகாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மாடாயினும் இணை சேராவிட்டால் பயனில்லை. இந்தச் செய்தியை மோட்டார்ப் பந்தய உலகம் புரிந்துகொள்ள ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அங்கே இணை சேர வேண்டியவை டயர்கள்.

டயர் என்பது முதலில் இரும்பாகத்தான் இருந்தது. நம் கட்டை வண்டிச் சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டையே அது. பட்டையை நெருப்பில் காய்ச்சி, விரிந்த நிலையில் மரச் சக்கரத்தில் மாட்டி, நீர் ஊற்றிச் சுருங்க வைப்பார்கள். வெப்ப விரிவுக்கு எல்லாப் பாடநூல்களிலும் உள்ள எடுத்துக்காட்டு. காற்றடைத்த டயருக்கு 1845இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். மறு ஆண்டே காற்று டயர் பூட்டிய மிதிவண்டி பந்தயத்தில் வென்றது. 1895ஆம் ஆண்டு பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் மிஷ்லின் சகோதரர்கள் முதன்முதலாகக் காற்று டயர்களைக் காரில் பூட்டி ஓடினர். வழியெல்லாம் பஞ்சர். முதலில் வந்து சேர்ந்த லெவசோரின் கார் கெட்டி ரப்பரில்தான் ஓடியது. ஆயினும் சில ஆண்டுகளிலேயே கெட்டி ரப்பர் பந்தயத்திலிருந்து மறைந்துபோயிற்று.

அக்காலத்தில் டயரை எல்லோரும் ஒரு மெத்தையாகவே கருதினர். குலுக்கலைக் குறைத்தால் போதும் என்பதே எண்ணம். காரைத் திருப்புவது எது என்று கேட்டால் ஸ்டியரிங் என்பார்கள். உண்மையில் திருப்புவது டயர். அதுவும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓர் உள்ளங்கை அளவுப் பரப்பு. 1925இல் பிரெஞ்சுப் பொறியியலார் ஜார்ஜ் புரூலியே ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். வளைவில் ஓடும் டயர், சக்கரம் நோக்கும் திசையிலேயே போவதில்லை. ரப்பர் நெளிவதால் அத்திசையிலிருந்து சிறிது விலகியே போகிறது. இந்த விலகலை நழுவு கோணம் என்போம். கோணம் சிலவாகவே இருக்கும். ஆனால் அது இல்லையேல் பக்கவாட்டு விசை இல்லை. அந்த விசை இல்லையேல் வளைவும் இல்லை.

கடமலைக்குண்டிலிருந்து வருசநாடு செல்லும் சாலையில் ஒரு கார் வளைவில் திரும்புவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முன் டயர்களின் நழுவு கோணம் பின் டயர்களுடையதைவிட அதிகமானால் காரின் மூக்கு வளைவுக்கு வெளியே போகும். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பச் சொல்லும். இது அண்டர்ஸ்டியர். பின் டயர்களின் கோணம் அதிகமானால் வால் வெளியே வீசும். கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளப் பார்க்கும். இது ஓவர்ஸ்டியர். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஆலி இவ்விரண்டையும் தெளிவாக வகுத்தார். வேகம், வளைவு, எடை எல்லாம் ஒன்றாக இருந்தாலும், முன்–பின் டயர்களின் உறவு மாறினால் அதே கார் வேறொரு காராகிவிடும் என்பது அதன் பிறகே புரிந்தது.

இங்கே உராய்வு விதியை நினைவூட்ட வேண்டும். உராய்வு விசை செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்; தொடு பரப்பைச் சார்ந்திராது. ரப்பர் இந்த விதிக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் பாடநூலைத் தூக்கிக் காட்டுவார்கள். பாடநூல் பேசுவது கெட்டியான திண்மங்களைப் பற்றி. ரப்பரோ சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து நெளிகிறது. ஆகவே சுமை ஏற ஏற அதன் உராய்வுக் குணகம் குறைகிறது. கற்பனையாகச் சில எண்களைக் கொள்வோம். 300 கிலோ சுமை தாங்கும் டயர் 300 கிலோ பக்க விசை தருகிறது. வளைவில் எடை வெளிப்புறம் சாய்ந்து, உள் டயருக்கு 150, வெளி டயருக்கு 450 என்றாகிறது. உள் டயர் 160 தரலாம். வெளி டயர் 420தான் தரும். 600 இருந்த இடத்தில் 580. எந்த அச்சில் எடை அதிகமாகச் சாய்கிறதோ அந்த அச்சு அதிகம் இழக்கும். ஸ்பிரிங், சாய்வைத் தடுக்கும் கம்பி, காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு கார் வடிவமைப்பாளர் இழப்பை முன்னும் பின்னும் பங்கிடுகிறார். அந்தக் கணக்கு முழுவதும் குறிப்பிட்ட ஒரு டயரை மனத்தில் கொண்டு போடப்பட்டது.

அமெரிக்காவின் செவ்ரலே கார்வேர் இதற்குச் சான்று. 1960ஆம் ஆண்டு மாதிரியாக வந்த இந்தக் காருக்கு எஞ்சின் பின்புறம். பின் டயர்களில் சுமை அதிகம். வாலை அடக்க நிறுவனம் கண்ட வழி, முன் டயரில் 15 பவுண்டும் பின் டயரில் 26 பவுண்டும் காற்று அடைக்கச் சொன்னது! முன் டயர் தளர்ந்திருந்தால் நழுவு கோணம் கூடும். கார் அண்டர்ஸ்டியர் பக்கம் சாயும். இயற்பியல் சரியே. ஆனால் நான்கு டயருக்கும் ஒரே அளவாகக் காற்றுப் பிடிப்பது உலக வழக்கம். அப்படிப் பிடித்ததும் சமநிலை போயிற்று. 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் இந்தக் காரை நாடெங்கும் பேச வைத்தது. அக்காலத்துப் பிற கார்களைவிட இது மோசமன்று என்று 1972இல் அரசு ஆய்வு கூறியது உண்மைதான். எனினும் உயிர் காக்கும் சமநிலையைக் காற்றுக் குழாயின் நுனியில் விட்டுவைத்தது தவறு என்றே நான் கருதுவேன்.

1940களின் இறுதியில் மிஷ்லின் வெளியிட்ட ரேடியல் டயர் இன்னொரு சோதனையைக் கொண்டுவந்தது. பழைய டயர்களில் நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும். ரேடியலில் அவை விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓட, மேலே எஃகுப் பட்டை அணைத்திருக்கும். ஆகவே குறைந்த நழுவு கோணத்திலேயே அதிக விசை தரும். புதிய டயர் நல்ல டயர் என்று அதை முன்னால் மட்டும் பூட்டி, பின்னால் பழைய வகையை விட்டுவைத்தால் என்னாகும்? வால் வீசும். பிரிட்டனில் இந்தச் சேர்க்கையைச் சட்டமே தடை செய்தது.

இப்போது ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். 1973ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். காருக்கும் எஞ்சின் பின்னால்தான். அதற்கு முன்னால் 185 மில்லிமீட்டர், பின்னால் 215 மில்லிமீட்டர் அகல டயர்களைத் தந்தார்கள். பந்தயத் தளத்தில் ஓட்ட ஆசைப்பட்ட ஒருவர் நான்கையும் 215 ஆக்கினால் மொத்தப் பிடிப்பு கூடும். ஆனால் கூடியது முன்புறம் மட்டுமே. வால் முன்பைவிட எளிதில் வீசும். எனவே பந்தய டயர் தேர்ந்தெடுப்பவர், அது எவ்வளவு ஒட்டும் என்று கேட்பதற்கு முன், நான்கும் ஒரே வகையா, முன்–பின் அகல விகிதம் பழையபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றளவு விகிதத்தையும் மறக்கலாகாது. இக்காலக் கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு, நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டே இயங்குகிறது. விகிதம் கெட்டால் அதன் கணக்கும் கெடும்.

பிடிப்பு மிகுந்தால் கார் வளைவில் அதிகம் சாயும் என்பதும் உண்டு. சாதாரணச் சாலைக்கான மெல்லிய ஸ்பிரிங்கின் மேல் பந்தய டயர் பூட்டினால், வெளி டயரின் ஓரமே எடையைத் தாங்கித் தேயும். ஸ்பிரிங்கை விறைப்பாக்குவோர் ஒரு பக்கம் மட்டும் ஆக்கினால் மறுபடியும் பழைய கதை. வெப்பநிலை வேறு. பந்தய ரப்பர் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே நன்கு ஒட்டும். முதல் சுற்றில் அது சாதாரண டயரைவிட வழுக்கக்கூடும். 1970களின் தொடக்கத்தில் ஃபார்முலா 1 பந்தயங்களில் புகுந்த பள்ளங்களற்ற வழவழ டயர், உலர்ந்த தளத்தில் அரசன். மழையிலோ நீர் வெளியேற வழியின்றி மிதக்கும்.

நம் மாநிலத்துக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப்., 1952இல் தேய்ந்த டயருக்கு மேல்பூச்சாகும் ரப்பரையும், 1960களில் டயரையும் செய்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் போர்க்காலத்து விமானத் தளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளத் தனிப் பந்தயத் தளம் வந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து உருவாக்கிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் பல இளைஞர்களுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அவர்களுள் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார்.

அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் டயர் தேர்வு ஒரு பந்தயத்தையே விழுங்கியது. 13ஆம் வளைவு ஏறத்தாழ 9 பாகை சாய்வுள்ள மேட்டு வளைவு. வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர், ஆரம் 250 மீட்டர் என்று கொள்வோம். மையநோக்கு முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு ஏறத்தாழ 28 மீட்டர். அதன் ஒரு பகுதி, சாய்வின் காரணமாக, காரைத் தளத்தோடு அழுத்துகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: டயர் தாங்கும் சுமை காரின் எடையைவிடக் கிட்டத்தட்ட 45 விழுக்காடு கூடும். காற்றின் கீழ்நோக்கு அழுத்தம் இதற்கு மேல்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடப் பின் டயர் அங்கே உடைந்தது. தங்கள் டயர்கள் அவ்வளைவில் முழு வேகத்தில் பத்துச் சுற்றுக்கு மேல் தாங்கும் என உறுதி கூற இயலாது என்று மிஷ்லின் அறிவித்தது. பந்தயமோ 73 சுற்று. இடையில் டயர் மாற்ற அவ்வாண்டு விதி இடம் தரவில்லை. ஜூன் 19 அன்று, தொடக்கச் சுற்று முடிந்ததும் மிஷ்லின் பூட்டிய 14 கார்களும் வெளியேறின. எஞ்சியவை பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஆறு. அதன் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோன் அதற்கு முந்தைய மாதம்தான் அதே தளத்தில் 500 மைல் பந்தயத்துக்கு டயர் வழங்கியிருந்தது. அந்த ஆறில் ஜோர்டன் அணியின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அவ்வாண்டு அவர் பெற்ற புள்ளிகள் அவ்வளவே. மிஷ்லின் பார்வையாளர்களுக்கு நுழைவுச் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு 20,000 சீட்டுகளையும் வாங்கியது. 2006இல் டயர் மாற்றும் உரிமை திரும்பி வந்தது. 2007 முதல் ஃபார்முலா 1 அணிகள் அனைத்தும் ஒரே நிறுவனத்தின் டயரில் ஓடுகின்றன.