ராயபுரத்துக்காரங்க நடந்து போற மலை

புரட்டாசி பொறந்துட்டா எங்க ஊத்துக்கோட்டை ரோட்டுல மஞ்சத் துணிக் கூட்டம் ஆரம்பிச்சிடும். கழுத்துல துளசி மாலை, தோள்ல ஒரு பை, காலுல செருப்பு கிடையாது. எந்த ஊருன்னு கேட்டா ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு வரும். மாதவரம், பெரியபாளையம் வழியா வந்து, எங்க ஊரைத் தாண்டி நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர்னு திருப்பதி போய்ச் சேருவாங்க. நாலஞ்சு நாள் நடை. வெயில் ஏறினதும் மாந்தோப்புலயோ மோட்டார் கொட்டாய்லயோ படுத்துக்குவாங்க. சாயங்காலம் மறுபடி கிளம்பிடுவாங்க.

மலைக்கு உல்லாசமா போறது வெள்ளைக்காரன் கத்துக்கொடுத்த பழக்கம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. 1819ல கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினதுல இருந்துதான் அந்தக் கதையை ஆரம்பிப்பாங்க. அப்புறம் வெயில் காலத்துல மெட்ராஸ் கவர்மெண்டே ஊட்டிக்கு மூட்டை கட்டிச்சு. அது துரைமாருங்க கதை. கடலோரத்துல மூட்டை தூக்கினவனுக்கும் வலை இழுத்தவனுக்கும் ஒரு மலை இருந்துச்சு, அதுக்கு ஒரு மாசமும் இருந்துச்சு. அதை யாரும் சுற்றுலாக் கணக்குல எழுதறதில்ல.

இந்த வழியோட பழசுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. ஏனுகுல வீராசாமின்னு ஒருத்தர், மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18ந் தேதி ராத்திரி தண்டையார்பேட்டைத் தோட்டத்துல இருந்து காசிக்குக் கிளம்பினார். முதல் தங்கல் மாதவரம். அப்புறம் திருப்பதி, கடப்பான்னு வடக்கே போய், அடுத்த வருஷம் செப்டம்பர்லதான் திரும்பினார். வழியெல்லாம் பார்த்ததைத் தெலுங்குல எழுதி வச்சார். அவர் காலமானதுக்கு அப்புறம் 1838ல சிநேகிதர் ஒருத்தர் அதை 'காசி யாத்திரை'ன்னு புஸ்தகமா போட்டார். அவருக்குப் பல்லக்கு இருந்துச்சு, கூடவே பெரிய கூட்டம். பல்லக்கு தூக்கினவங்க என்ன பார்த்தாங்கன்னு எழுத ஆளில்ல. ஆனா இன்னைக்கு நடக்கறவங்க முதல்ல கடக்கறதும் அதே மாதவரம்தான்.

அப்ப மலைக்கோயில் நிர்வாகமே கம்பெனி கையில. பக்தர் கொடுக்கிற காசு கஜானாவுக்குப் போச்சு. 1843லதான் ஹாதிராம்ஜி மடத்துக்கிட்ட ஒப்படைச்சாங்க.

புரட்டாசியில பட்டணத்துல பெருசா பேசறது திருப்பதிக் குடையை. பாரிமுனைப் பக்கம் சென்னகேசவப் பெருமாள் கோயில்ல கிளம்பி, யானைக்கவுனி தாண்டி, வில்லிவாக்கம், ஆவடி, திருவள்ளூர் வழியா திருமலை போகும். அது எங்க ரோடு இல்ல. ஆனா அந்தக் கோயில்லயும் வடசென்னைப் பேர் ஒண்ணு ஒட்டியிருக்கு. பழைய கோயில் இப்ப ஹைகோர்ட்டு இருக்கிற இடத்துல இருந்துச்சு. 1757ல கோட்டைப் பாதுகாப்புன்னு கம்பெனிக்காரன் இடிச்சுட்டான். திரும்பக் கட்டறதுக்கு முன்னால நின்னவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கவர்னர் பிகாட்டோட துபாஷி. மணலின்னா உங்களுக்கெல்லாம் பெட்ரோல் கம்பெனி சிம்னிதான் ஞாபகம் வரும்.

1856 ஜூலையில ராயபுரத்துல இருந்து ஆற்காட்டுக்கு ரயில் விட்டாங்க. தென்னிந்தியாவுக்கே முதல் பயணிகள் ரயில். பின்னால திருப்பதிக்கும் தண்டவாளம் போச்சு. நியாயமா பார்த்தா நடை அன்னைக்கே முடிஞ்சிருக்கணும். 1944ல மலை மேலயே வண்டி ரோடு வந்துச்சு. அப்பவும் முடியல. ரயில் ஓடின ஊர்க்காரனேதான் இன்னும் நடக்கிறான்.

ஏன் புரட்டாசின்னா, பெருமாள் மாசங்கறது ஒண்ணு. எனக்கு இன்னொண்ணும் தோணுது. வெயில் தணிஞ்சிருக்கும், ஐப்பசி அடைமழை இன்னும் பிடிச்சிருக்காது. எங்களுக்கும் சம்பா நட்டு முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விடற நேரம். பட்டணமே கவிச்சி விட்டுடறதால காசிமேட்டுல மீன் விலை இறங்கிடும். அந்த நேரத்துல கடல்காரனுக்கு நடந்து போறதுல பெரிய நஷ்டம் இருக்காது.

அலிபிரியில இருந்து மூவாயிரத்து ஐநூறு படிக்கு மேல. அஞ்சு நாள் தட்டையா நடந்த காலுக்கு அங்கதான் வேலை. கடைசியில மோகாள்ள மெட்டு. மோகாளுன்னா தெலுங்குல முழங்கால். மேல ஏறிட்டா எண்ணூறு மீட்டருக்கு மேல உயரம். தங்கினா விடியற்காலையில சில்லுனு பனி. துறைமுகத்துல வேலை பார்க்கிற ஒருத்தர் எங்க கொட்டாய்ல படுத்திருந்தப்ப, சாமியைப் பார்க்கிறது நிமிஷக் கணக்குதான், அந்தக் காத்துக்காகத்தான் வர்றேன்னு சொன்னார். அவர் வீடு இருக்கிறது நிலக்கரி தூசு படியற இடத்துல. வருஷம் பூரா சேர்த்து வச்ச லீவு இதுக்குத்தான் போகுதாம். நீங்க கொடைக்கானல்ல ரூம் போட்டு வாங்கற காத்தும் அதானே?

இப்ப எங்க பக்கமா சித்தூர்ல இருந்து தச்சூருக்கு ஆறுவழி ரோடு வருது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு லாரி சீக்கிரம் போறதுக்கு. நெல்லு விளையற நிலம் போகுதுன்னு விவசாயிங்க போராடினோம். நடக்கறவங்களைப் பத்தி யாரும் பேசல. பழைய ரோட்டுலயே ராத்திரியில கன்டெய்னர் லாரி காத்து அடிச்சா ஓரத்துல நடக்கிறவன் தள்ளாடிப் போறான். முதுகுல மினுக்கற ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு ஒரே வரிசையா போறாங்க, சின்னப் பசங்களை உள்பக்கம் விட்டுட்டு. ஓரத்துல முன்ன இருந்த புளியமரம் பாதி இல்ல. இந்த வருஷம் எங்க போர்செட்டுக்கிட்ட தண்ணி டிரம்மும், படுக்கத் தார்ப்பாயும் போட்டு வச்சிருக்கோம். பெரியபாளையம் தாண்டினதும் வலது கைப் பக்கம், வேப்பமரத்தடியில.