தொடர்நாடகமும் பார்வையாளர் தீர்ப்பும்: இந்தியத் தூரதர்சன், 1984 – 1990

தொலைக்காட்சி நாடகத்தின் வரலாறு பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவும், தயாரிப்பாளர், நெறியாளர் ஆகியோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நாடகத்தைப் பார்த்தவர்கள் அதனைப் பற்றி என்ன கூறினர் என்பது அவ்வரலாற்றின் ஓரக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றது. கதை நகரவில்லை, இந்தப் பெண் இவ்வாறு நடந்திருக்கமாட்டாள், இது அரசாங்கத்தின் பிரசாரம் என்பன போன்ற கூற்றுக்கள் அன்றாடப் பேச்சாகக் கருதப்பட்டு ஆய்வுக்குப் புறத்தே விடப்படுகின்றன. ஆனால், கதையின் வேகம் பற்றிய முறைப்பாடும் பாத்திரம் பற்றிய கணிப்பும், அவை எழுந்த சூழலில் வைத்து நோக்கப்படுமிடத்து, அரசியல் தீர்ப்புக்களாகவே அமைவதைக் காணலாம். இந்தியத் தூரதர்சனின் முதற் பெருந் தொடர்நாடகங்கள் ஒளிபரப்பான 1984 – 1990 காலப்பகுதியைக் கொண்டு இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அரசும் சந்தையும்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டெம்பரில் டில்லியில் ஒரு பரிசோதனை முயற்சியாக ஆரம்பமாயிற்று. 1975 – 76இல் செய்மதி வழியாகச் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி, விவசாயம், சுகாதாரம் பற்றிய நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. 1976இல் வர்த்தக விளம்பரங்களுக்கு இடமளிக்கப்பட்டது. அபிவிருத்தி என்ற அரசின் இலட்சியமும் விளம்பரம் என்ற சந்தையின் தேவையும் ஒரே திரையில் சந்தித்துக்கொண்ட காலம் இதுவே எனலாம். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வர்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. 1984ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு முந்திய மாதங்களில் அஞ்சல் கோபுரங்கள் நாடெங்கும் மிக விரைவாக நிறுவப்பட்டன. நிலையமோ தகவல் ஒலிபரப்பு அமைச்சின் நேரடிக் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. பி. சி. ஜோசி தலைமையில் 1982இல் அமைக்கப்பட்ட குழு, கருவிகள் பெருகிய அளவுக்கு நிகழ்ச்சிகள் பற்றிய சிந்தனை வளரவில்லை என்பதைச் சுட்டி, நிலையத்துக்குச் செயற் சுதந்திரம் வேண்டுமென வலியுறுத்தியது. அப்பரிந்துரை அன்று நிறைவேறவில்லை.

இப்பின்னணியிலேதான் தொடர்நாடகம் தோன்றியது. மெக்சிக்கோவில் மிகுவேல் சபிடோ என்பவர் 1970களில் குடும்பக் கட்டுப்பாடு, வளர்ந்தோர் கல்வி போன்ற கருத்துக்களைத் தொடர்நாடகத்தின் மூலம் பரப்பும் முறையொன்றை வகுத்திருந்தார். அம்முறையால் ஈர்க்கப்பட்ட அமைச்சர் வசந்த் சாதேயின் ஊக்குவிப்பினால், மனோகர் சியாம் ஜோசி எழுதி, பி. குமார் வாசுதேவ் நெறிப்படுத்திய ‘ஹம் லோக்’ 1984 யூலை 7ஆம் திகதி ஒளிபரப்பாகத் தொடங்கியது. துரித நூடில்ஸ் உணவொன்றை விற்ற நிறுவனமே அதற்கு அனுசரணை வழங்கியது. கருத்தை அரசு தந்தது. செலவைச் சந்தை ஏற்றது.

2. பார்வையாளர் திருத்திய கதை

கீழ் மத்தியதர வர்க்கக் குடும்பமொன்றின் கதையான ‘ஹம் லோக்’, முதற் பதின்மூன்று பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் போதனையை மிக வெளிப்படையாகக் கூறியது. கதை மந்தமானது, உபதேசம் மிகுந்தது என்ற அதிருப்தி எழுந்தது. அதன் விளைவாகப் போதனை குறைக்கப்பட்டு, குடும்ப உறவு, வேலையின்மை, பெண்ணின் நிலை, குடிப்பழக்கம் முதலிய பிரச்சினைகளுக்குக் கதை திரும்பியது. அவசரகாலத்தின்போது, 1976ஐ ஒட்டிய மாதங்களில், கட்டாயக் கருத்தடையின் கொடுமையை வட இந்திய மக்கள் அனுபவித்திருந்தனர். பத்து ஆண்டுகள்கூடக் கழியாத நிலையில் அதே அரசு அதே பொருளைப் பற்றித் திரையில் பேசியபோது, அம்மக்களிடையே எழுந்த “மந்தம்” என்ற சொல் கலைக் குறையொன்றை மாத்திரம் சுட்டியதாகக் கொள்ளமுடியாது. அரசின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க மறுத்தலும் அச்சொல்லில் அடங்கியிருந்தது எனக் கருத இடமுண்டு.

இத்தொடர் 156 பகுதிகளாக, 1985 டிசெம்பர் 17 வரை ஒளிபரப்பாயிற்று. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நடந்தவை பற்றிச் சில வார்த்தைகள் கூறிப் பார்வையாளரின் கருத்தை வினவினார். நான்கு இலட்சம் அளவில் கடிதங்கள் வந்தன என மதிப்பிடப்படுகின்றது. பாத்திரங்களுக்கு அறிவுரை கூறியும், திருமணங்களைப் பரிந்துரைத்தும், தவறுகளைக் கண்டித்தும் அவை எழுதப்பட்டிருந்தன.

பாத்திரங்கள் பற்றிய தீர்ப்பிலும் எதிர்பாராத விளைவொன்று ஏற்பட்டது. குடிகாரக் கணவனின் இழிவுகளைப் பொறுத்துக்கொண்டு அடங்கி வாழும் தாய் பகவந்தி, பின்பற்றத்தகாத உதாரணமாகவே படைக்கப்பட்டாள். ஆயின், அர்விந்த் சிங்கால், எவரெட் றொஜர்ஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு, பெண்கள் பலர் அவளையே பின்பற்றத்தக்க உதாரணமாகக் கொண்டதைக் காட்டியது. இதனைப் பார்வையாளரின் அறியாமையெனத் தள்ளிவிடுவது எளிது. சகிப்பைத் தவிர வேறு ஆயுதம் கிடைக்காத வாழ்க்கையில், அச்சகிப்புக்கு மதிப்புத் தேடுவதும் ஒருவகை எதிர்ப்பார்வையே. அதேவேளை, அம்மதிப்பு ஒடுக்குமுறையை நீடிக்கச் செய்யும் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காத ஆய்வு குறையுடையதாகும்.

3. மந்தமே பெருமையானபோது

1987 ஜனவரி 25இல் தொடங்கிய ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ இதற்கு எதிரான நிலைமையைக் காட்டுகின்றது. முதலில் 52 பகுதிகளுக்கே அனுமதி பெற்ற இத்தொடர் 78 பகுதிகளாக நீண்டு 1988 யூலை 31இல் முடிந்தது. முகங்களின்மீது நீண்ட நேரம் தங்கிநின்ற கமெராவையும் நகராத காட்சிகளையும் ஆங்கிலப் பத்திரிகை விமர்சகர்கள் எள்ளி நகையாடினர். மக்களோ ஞாயிறு காலையில் நீராடி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு அமர்ந்தனர். அவர்கள் நாடகம் பார்த்ததோடு தரிசனமும் செய்தனர் என்றும், தரிசனத்துக்கு அந்த மந்தமே வேண்டியிருந்தது என்றும் பிலிப் லுட்கென்டோர்வ் விளக்குவார். ஆகவே, வேகம் என்பது நாடகப் பிரதியின் பண்பு மாத்திரமன்று. பார்ப்போர் எதனை நாடி வருகின்றனர் என்பதும் அதனை நிர்ணயிக்கின்றது. தொடர் நீளநீள விளம்பர வருவாய் பெருகியது என்பதையும் இங்கு மறத்தலாகாது.

பல மொழிகளில் பல வடிவங்களில் வழங்கும் இராமகதையில் ஒன்றை மட்டும் அரச நிலையம் அதிகாரபூர்வமாக்குவதன் ஆபத்தை றொமிலா தாப்பர் 1989இல் சுட்டிக்காட்டினார். ஆனால், அக்கதைக்குள் தம் இடத்தைக் கோரிய குரலொன்று அடித்தளத்திலிருந்தும் எழுந்தது. வால்மீகியைத் தம் முன்னோராகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர், உத்தர காண்டத்தையும் படமாக்க வேண்டுமெனக் கோரி 1988இல் பஞ்சாபின் ஜலந்தரில் வேலைநிறுத்தம் செய்தனர். அது பிற நகரங்களுக்கும் பரவியது. சீதைக்கு வால்மீகி அடைக்கலம் தந்த பகுதியின்றிக் கதை முடிந்துவிட்டது என்பதே அவர்களின் முறைப்பாடு. அரசு இணங்கியது, தொடர்ச்சி பின்னர் ஒளிபரப்பாயிற்று. கல்வி கற்ற மத்தியதர வர்க்கத்தார் கடிதம் எழுதிக் கதையை மாற்றினர். துப்புரவுத் தொழிலாளர் துடைப்பத்தைக் கீழே வைத்து அதனை நீட்டினர். நாடகத்தின் முடிவு பற்றிய அபிப்பிராயம் தொழிற்போராட்டமாக வடிவெடுத்த அரிய தருணம் இதுவாகும்.

4. பார்வையாளர் யார்?

இத்தொடரே பின்னர் வளர்ந்த வகுப்புவாத அரசியலுக்குக் காரணம் எனக் கூறுவோர் உளர். 1984இல் 2 ஆசனங்களைப் பெற்ற பாரதீய ஜனதாக் கட்சி 1989இல் 85, 1991இல் 120 என வளர்ந்தது. சீதையாகவும் இராவணனாகவும் நடித்தோர் 1991இல் அக்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினராயினர். 1992 டிசெம்பர் 6இல் பாபர் மசூதி தகர்க்கப்பட்டது. எனினும், இராமராக நடித்த அருண் கோவில் 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தபோது வென்றவர் வி. பி. சிங்கே. திரையில் வணங்கிய முகம் கேட்டதற்காக மக்கள் வாக்கை அளித்துவிடவில்லை. திரை ஒரு பொது உணர்வை உருவாக்கியது. அதனை வகுப்புவாதமாகத் திரட்டியது கட்சி அமைப்பும் பிரசாரமும் ஆகும். 1990இன் இரத யாத்திரை அத்தகைய திரட்டலே.

பீஷ்ம சாஹ்னியின் நாவலைக் கொண்டு கோவிந்த் நிஹலானி ஆக்கிய ‘தமஸ்’ 1988 தொடக்கத்தில் ஒளிபரப்பானபோது இவ்வினா நீதிமன்றத்திலேயே எழுந்தது. பிரிவினைக் காலக் கலவரங்களைக் காட்டும் இத்தொடர் பகைமையைத் தூண்டும் என வழக்கிடப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அதனை முழுமையாகப் பார்த்து அனுமதித்தனர். உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு பெப்ரவரியில் அதனை உறுதிசெய்தது. எங்கும் ஆபத்தையே காணும் பலவீனரின் அளவுகோலால் அன்றி, உறுதியும் நியாய புத்தியும் கொண்ட சாதாரண மனிதரின் அளவுகோலாலேயே படைப்பின் விளைவை அளக்கவேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. சாதாரண பார்வையாளர் கடந்தகாலத் தவறுகளிலிருந்து கற்கவல்லவர் என்ற நம்பிக்கை அங்கு சட்டமாயிற்று.

பார்வையாளரின் கருத்துக்கு இக்காலத்தில் இருந்த வலிமை மேற்கூறியவற்றால் புலனாகும். ஆயினும் அவ்வலிமைக்கு நிலையான அமைப்பெதுவும் இருக்கவில்லை. ஹிந்தி அறிந்தோரின் கடிதங்கள் கதையை மாற்றின. அம்மொழி அறியாத சென்னைப் பார்வையாளருக்குத் “தேசிய” நிகழ்ச்சியில் அத்தகைய பங்கு கிட்டவில்லை. அமைச்சு விரும்பியபோது கேட்டது, நிர்ப்பந்திக்கப்பட்டபோது பணிந்தது. தன்னாட்சிக்கான பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறியும் 1997இலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கிடையில் தனியார் அலைவரிசைகள் பெருகி, பார்வையாளர் கருத்தை விளம்பரதாரருக்கான எண்ணிக்கையாக மாற்றிவிட்டன. எத்தனை பேர் பார்த்தனர் என்பதை அவ்வெண் கூறும். ஏன் பொறுமையிழந்தனர், யாருக்காக வாதாடினர் என்பதைக் கூறாது. அவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் கடிதங்களையும் வழக்கேடுகளையும் வேலைநிறுத்தச் செய்திகளையும் கலை வரலாற்றின் மூலாதாரங்களாகக் கொள்ளுதல் வேண்டும். மக்கள் தம் அரசைப் பற்றி வெளிப்படையாகக் கூறமுடியாத பலவற்றைக் கதைமாந்தரைப் பற்றிக் கூறியுள்ளனர் என்பதே அவற்றிலிருந்து நாம் பெறும் முதற் பாடமாகும்.