குரோசாவாவின் கோபமும் ஒரு சட்டத் திருத்தமும்

1958-இல் வெளிவந்த படமொன்றை எடுத்து முடிப்பதற்குள் குறித்த நாளும் குறித்த செலவும் எல்லை கடந்து போய்விட்டதைக் கண்டு சலித்த டோஹோ சினிமாக் கம்பெனியார், இனி இவருடைய படங்களின் லாப நஷ்டத்தில் இவரும் பங்கேற்கட்டும் என்று தீர்மானித்ததன் விளைவாகவே, 1959-இல் அதன் டைரக்டர் அகிரா குரோசாவா தம் பெயரில் சொந்தமாக ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஜப்பானியச் சினிமாத் தொழில் ஒரு சில பெரிய ஸ்டூடியோக்களின் ஆதிக்கத்தில் இருந்த காலம் அது. படத்தை ஊரெங்கும் திரையிடும் காரியம் டோஹோவிடமே இருந்தபடியால் இதைப் பூரண சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் தம் மனத்தை உறுத்திய விஷயத்தைத் தாமே பொறுப்பேற்றுப் படமாக்கும் உரிமை அவருக்குக் கிட்டிற்று.

அவ்வாறு உறுத்திய விஷயங்களுள் ஒன்று, பணத்துக்காகக் குழந்தைகளைக் கடத்துகிறவர்களுக்கு அந்நாட்டுச் சட்டம் விதித்த அற்ப தண்டனை. பத்தாண்டுச் சிறைக்கு மேல் போகாத அந்தத் தண்டனையைக் கண்டு மூண்ட ஆத்திரத்தோடு, அமெரிக்க நாவலாசிரியர் எட் மக்பெய்னின் துப்பறியும் கதையொன்றை யோகோஹாமா நகருக்குக் கொண்டுவந்து, ‘சொர்க்கமும் நரகமும்’ என்று பெயரிட்டு, 1963 மார்ச் 1-ஆம் தேதி வெளியிட்டார்.

குன்றின் மேல் மாளிகை கட்டி வாழும் செருப்புக் கம்பெனி அதிகாரி கோண்டோவின் பிள்ளை என்று எண்ணி, அவருடைய காரோட்டியின் பிள்ளையைக் கடத்திவிட்டு, ஆள் மாறியது தெரிந்த பிறகும் 3 கோடி யென் கேட்கிறான் ஒருவன். வீட்டை அடகு வைத்துத் திரட்டிய பணத்தைப் பிறர் குழந்தைக்காக இழப்பதா என்ற தர்மசங்கடத்தை, படத்தின் முற்பகுதி ஏறக்குறைய முழுவதும் ஒரே கூடத்துக்குள் நடத்திக் காட்டுகிறது. கடைசியில் பணம் கொடுக்கச் சம்மதித்த கோண்டோ, போலீஸார் பார்த்துக்கொண்டிருக்க, தொழில் பழகிய காலத்துக் கருவிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, எரித்தால் இளஞ்சிவப்புப் புகை கிளம்பும் ரசாயனப் பொருளைத் தோல்பையின் உட்புறத்தில் மறைத்துத் தம் கையாலேயே தைக்கிறார். கோண்டோவாக வரும் தோஷிரோ மிஃபூனேயின் நடிப்பில் இதைவிட உயர்ந்த இடம் இப்படத்தில் இல்லை என்பது என் துணிவு. பையின் கனம் 7 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்று கடத்தியவன் நிபந்தனை விதித்ததன் காரணம், ‘கொடாமா’ துரித ரயிலின் கழுவறை ஜன்னல் அவ்வளவுதான் திறக்கும் என்பது. ஓடும் ரயிலிலிருந்து பணத்தை எறியும் அந்தக் காட்சியை மெய்யான ரயிலிலேயே பல காமிராக்களை ஏககாலத்தில் ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். பின்னர் பை எரிக்கப்படும்போது, கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தப் புகை மட்டும் நிறத்தோடு எழும்புகிறது.

மைனிச்சிப் பத்திரிகையின் சிறந்த படப் பரிசு இதற்குக் கிடைத்தது. ‘கினேமா ஜும்போ’ விமர்சகர்கள் அவ்வாண்டுப் படங்களுள் இதற்கு இரண்டாவது ஸ்தானம் அளித்தார்கள். ஆனால் படம் வெளிவந்த அதே மார்ச் மாத இறுதியில், டோக்கியோவின் தைட்டோ பகுதியில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பணத்துக்காகக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். குற்றவாளி இப்படத்தின் முன்னோட்டத்தைக் கண்டிருந்தான் என்பது பின்னர் வெளிப்பட்டபோது, குற்றத்தைக் கண்டிக்க எழுந்த சிருஷ்டியே குற்றத்துக்கு வழிகாட்டியதாக அபவாதம் சுமந்தது. பணத்துக்காகக் கடத்துவதைத் தனிக் குற்றமாக்கி, ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமளித்து, 1964-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது.

குரோசாவா கோரியது கிடைத்துவிட்டது என்று இதைக் கொண்டு சொல்லலாம். எனினும் படம் அதன் கர்த்தாவின் கோபத்தைக் காட்டிலும் விசாலமானது என்றே நான் கருதுகிறேன். கீழே சேரியின் புழுக்கத்திலிருந்து அண்ணாந்து அந்த மாளிகையைப் பார்த்துப் பார்த்து வெந்தவனே படத்தின் குற்றவாளி என்பதை அது மறைக்கவில்லை. கோண்டோவும் போலீஸ் அதிகாரியும் உரையாடும் காட்சியோடு படத்தை முடிப்பதே குரோசாவாவின் முதல் உத்தேசம்; கொலையும் புரிந்து மரண தண்டனை பெற்ற அக்குற்றவாளியாக நடித்த இளைஞர் ட்சுதோமு யமசாக்கி சிறைக் கம்பிவலைக்குப் பின்னால் நின்று அலறிய அலறலைக் கண்டபின், எடுத்து வைத்திருந்த அந்த முடிவை அவரே வெட்டி நீக்கிவிட்டார்.