நீரிழிவின் நெருக்கடி

நீரிழிவு நம் நாட்டுக்குப் புதிதாக வந்த நோயன்று. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு, அதன் இனிப்பை உணர்ந்து, மதுமேகம் என்று அதற்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். சரகரும் சுசுருதரும் மேக நோய்களை இருபது வகையாகப் பிரித்துரைத்தனர். பிறப்போடு வருவது ஒன்று, உணவாலும் உழைப்பின்மையாலும் வருவது மற்றொன்று என்றும், முன்னதற்கு ஆளானவர் மெலிந்தும் பின்னதற்கு ஆளானவர் பருத்தும் இருப்பர் என்றும் சுசுருத சம்ஹிதை பகுத்துக் காட்டுகிறது. சித்த மருத்துவ நூல்களிலும் மேக நோய்க்கு விரிவான இடம் உண்டு. ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்டது ஆண்டுக்கணக்கில் உடனிருந்து உடலை அரிக்கும் நீரிழிவன்று. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உயிரைக் கொண்டுபோகக்கூடிய அதன் நெருக்கடியே இன்றைய பொருள். அதனை மருத்துவர்கள் எவ்வாறு இனங்கண்டனர், எவ்வாறு வென்றனர், வென்ற பிறகும் நாம் ஏன் சில வேளைகளில் தோற்றுப்போகிறோம் என்பதைப் பார்ப்போம்.

முதலில் நெருக்கடி எவ்வாறு விளைகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நலம். உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதனைத் திசுக்களுக்குள் புகுத்துவது கணையத்தில் ஊறும் இன்சுலின். அது போதாமற்போனால், இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் திசுக்கள் பட்டினி கிடக்கின்றன. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் திறவுகோல் இல்லாத வீட்டின் நிலை அது. இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டியதும் சிறுநீரில் வழியத் தொடங்குகிறது. வழியும்போது உடலின் நீரையும் உப்பையும் உடன் இழுத்துச் செல்கிறது. மறுபுறம், பட்டினி கிடக்கும் உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அந்த எரிப்பில் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் பிறந்து இரத்தத்தைப் புளிக்கச் செய்கின்றன. ஆக, நீர் வற்றுவது ஒன்று, அமிலம் ஏறுவது மற்றொன்று. நீரிழிவின் நெருக்கடி இவ்விரண்டாலும் ஆனது.

இதன் முற்பாதியைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கண்டெழுதியவர் கப்படோசியா நாட்டு மருத்துவர் அரேட்டியஸ். தணியாத தாகம், ஓயாத சிறுநீர், உருகிப்போகும் உடல், பிறகு விரைவில் வரும் முடிவு ஆகியவற்றை அவர் விவரித்துள்ளார். பிற்பாதி விளங்குவதற்குப் பதினேழு நூற்றாண்டுகள் சென்றன. 1857ஆம் ஆண்டில் பிராகு நகரத்தில் பெட்டர்ஸ் என்பவர் நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் அசிட்டோன் இருப்பதைக் கண்டார். நோயாளியின் மூச்சில் அழுகிய பழம் போன்ற மணம் வீசுவது இதனால்தான். 1874ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அடால்ப் குஸ்மௌல், நினைவிழந்து மாண்ட நீரிழிவு நோயாளிகளிடம் தாம் கண்ட ஒரு வகை மூச்சை விவரித்தார். மூச்சுக்குழலில் தடையேதும் இல்லை, நுரையீரலிலும் பழுதில்லை, ஆயினும் நோயாளி ஆழ ஆழ, ஓய்வின்றி, காற்றுக்கு ஏங்குபவர்போல் மூச்சு வாங்கினார். இரத்தத்தில் ஏறிய அமிலத்தை மூச்சின் வழியாகக் கழிக்க உடல் செய்யும் முயற்சியே அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அதனைக் குஸ்மௌல் மூச்சு என்றே படிக்கிறார்கள்.

அடையாளம் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. அக்காலத்தில் அந்த மூச்சைக் கேட்ட மருத்துவர், உறவினரை அழைத்து விடைபெறச் சொல்வதன்றி வேறொன்றும் செய்ய இயலாதவராய் இருந்தார். 1889ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க்கு நகரத்தில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கணையத்தை எடுத்த நாய்க்கு நீரிழிவு வருவதைக் காட்டினர். நோயின் பிறப்பிடம் அதனால் தெரிந்ததே தவிர, நோயாளி பிழைக்கவில்லை. அமெரிக்காவில் பிரடரிக் ஆலன் என்பவர் உணவை மிகக் கடுமையாகக் குறைத்து நோயாளிகளின் நாளைச் சற்றே நீட்டினார். நோயினால் சாவதா, பசியினால் சாவதா என்னும் நிலையில் குழந்தைகள் எலும்பும் தோலுமாய் வாழ்ந்தார்கள்.

இந்நிலை 1922ஆம் ஆண்டு ஜனவரியில் மாறியது. கனடாவின் டொரான்டோ நகரத்தில் பான்டிங்கும் பெஸ்டும் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை, லியனார்டு தாம்ப்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு 11ஆம் தேதி ஊசி மூலம் செலுத்தினர். அது போதிய பயன் தரவில்லை. வேதியியல் வல்லுநர் காலிப் அச்சாற்றைத் தூய்மைப்படுத்தித் தந்தார். 23ஆம் தேதி அதனைச் செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது. சிறுநீரில் கீட்டோன் மறைந்தது. அச்சிறுவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். அடுத்த ஆண்டே பான்டிங்குக்கும் அவருடைய ஆய்வுக்கூடத் தலைவர் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலின் வந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது. நெருக்கடியில் வீழ்ந்த வயதுவந்த ஒருவர் ஏறத்தாழ ஆறு லிட்டர் நீரை இழந்திருப்பார். அந்நீரைத் திரும்ப ஊட்டாமல் இன்சுலின் மட்டும் கொடுத்துப் பயனில்லை. நரம்பின் வழியே உப்பு நீர் ஏற்றும் முறையோ வேறொரு நோயிலிருந்து வந்தது. 1832ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்பவர் காலரா நோயாளிகளுக்கு அதனைச் செய்து காட்டினார். பிற்காலத்தில் கல்கத்தாவில் லியனார்டு ராஜர்ஸ் அதனைச் செப்பம் செய்து பலரைப் பிழைக்க வைத்தார். காலராவுக்குக் கண்ட வழி நீரிழிவுக்கும் கைகொடுத்தது. இன்சுலின் வேலை செய்யத் தொடங்கியதும் இரத்தத்திலுள்ள பொட்டாசியம் திசுக்களுக்குள் புகுந்து குறைந்துபோய், தேறிவரும் நோயாளியையும் வீழ்த்தக்கூடும் என்பது 1946ஆம் ஆண்டில் விளக்கமுற்றது. நூற்றுக்கணக்கான அலகு இன்சுலினை ஒருசேரக் கொட்டுவதைவிடச் சிறிது சிறிதாகச் செலுத்துவதே பாதுகாப்பானது என்பது 1970களில் நிலைபெற்றது. நீர், இன்சுலின், பொட்டாசியம் ஆகிய மூன்றையும் மணிக்கு மணி அளந்து கொடுப்பதே இன்றைய சிகிச்சை. அதனை வீட்டில் செய்ய இயலாது. ஆனால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தால், முன்பு ஏறக்குறைய எல்லோரையும் கொன்ற இந்நெருக்கடியில் இன்று நூற்றுக்கு ஒருவர் இறப்பதே அரிது.

நெருக்கடியில் இன்னொரு வகையும் உண்டு. 1886ஆம் ஆண்டிலேயே மான்செஸ்டர் மருத்துவர் டிரெஷ்பெல்ட், குஸ்மௌல் சொன்ன மூச்சு இல்லாமலும் நீரிழிவு நோயாளி மயங்கி வீழ்வதுண்டு என்று குறிப்பிட்டார். 1957ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க மருத்துவர் இருவர் அதனைத் தெளிவாக எழுதினர். இதில் அமிலம் அதிகம் ஏறாது. சர்க்கரை 600 மில்லிகிராமுக்கு மேலும் ஏறி, உடலில் ஒன்பது லிட்டர் வரை நீர் வற்றிவிடும். பெரும்பாலும் முதியோருக்கு, காய்ச்சலையோ சிறுநீர்த் தொற்றையோ தொடர்ந்து, பல நாட்களாக மெல்ல மெல்ல வரும். “பாட்டி இரண்டு நாளாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறார், வயதாகிவிட்டது” என்று வீட்டார் வாளாவிருக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. ஆரவாரமின்றி வரும் இவ்வகையே முன்னதைவிடப் பன்மடங்கு உயிர் கொள்ளுவது.

தமிழகத்தில் 1948ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். இந்நாட்டில் அத்தகைய முதற்பிரிவு அதுவே என்பர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நம்மவர் எந்த மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் இந்நோயும் உடன் வருகிறது என்பதில் ஐயமில்லை.

ஐதராபாத்தில் வாழும் தமிழருக்கு, தார்நாக்காவில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனமும் ஒரு வகையில் ஊர்க்காரரே. 1918ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில் ஒற்றை அறையில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. வெந்தயம் நீரிழிவுக்காரரின் சர்க்கரையை ஓரளவு குறைப்பதை 1980களிலும் அதற்குப் பின்னும் சோதித்துக் காட்டியவர்கள் இந்நிறுவனத்தார். நம் பாட்டிமார் சொன்னது ஆய்விலும் நின்றது கண்டு மகிழலாம். ஆனால் அது அன்றாட உணவுக்குத் துணை, நெருக்கடிக்கு மருந்தன்று. அமிலம் ஏறிய உடலுக்கு வெந்தயமும் பாகற்சாறும் கொடுத்துக் காத்திருப்பது, பற்றியெரியும் கூரைக்குப் பன்னீர் தெளிப்பதாகும்.

இதே ஐதராபாத் 2021ஆம் ஆண்டில் கண்ட காட்சியை எளிதில் மறக்க இயலாது. கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய காலம். மூச்சுத்திணறலுக்கு ஸ்டீராய்டு மருந்து உயிர்காப்பாய் இருந்தது. ஆனால் அம்மருந்தே சர்க்கரையை வானளாவ ஏற்றக்கூடியது. நோயிலிருந்து தேறியவர்கள் முகவீக்கத்தோடும் கண்வலியோடும் திரும்பி வந்தார்கள். கரும்பூஞ்சை என்று மக்கள் அழைத்த அந்நோய்க்குக் கோட்டியிலுள்ள அரசு காது, மூக்கு, தொண்டை மருத்துவமனையைத் தெலங்கானா அரசு தலைமை இடமாக ஆக்கியது. இப்பூஞ்சைக்கும் நாம் பேசும் நெருக்கடிக்கும் நேர்த்தொடர்பு உண்டு. மிகுந்த சர்க்கரையால் வெள்ளணுக்கள் சோர்கின்றன. அமிலம் ஏறினால், புரதம் இறுகப் பற்றியிருந்த இரும்புச் சத்து இரத்தத்தில் விடுபடுகிறது; அவ்விரும்பே பூஞ்சைக்கு இரை. அவ்வாண்டு ஜூன் முடிவதற்குள் நாடு முழுவதும் 40,000க்கு மேற்பட்டோர் இதற்கு ஆளாயினர்; 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நோயுற்றவருள் ஏறக்குறைய மூவரில் இருவர் நீரிழிவுக்காரர்.

இந்நகரம் நமக்கு அளித்த நற்கொடை ஒன்றையும் சொல்ல வேண்டும். 108 என்னும் எண்ணில் அழைத்தால் வண்டி வரும் ஏற்பாடு 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஐதராபாத்தில்தான் பிறந்தது. தமிழ்நாட்டுக்கு அது 2008ஆம் ஆண்டில் வந்தது. சொந்த ஊரில் பெற்றோருக்கும், இங்கே நமக்கும் அதே எண்.

இனி, வீட்டார் அறிய வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்வோம். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நாவறட்சி, சில நாட்களில் உடல் மெலிவு ஆகியவை முதல் எச்சரிக்கை. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வாங்கும் மூச்சு, மூச்சில் பழமணம், மயக்கம் அல்லது குழப்பம் ஆகியவை அபாயக் குறிகள். குழந்தைகளுக்கு இதுவே நோயின் முதல் வெளிப்பாடாகவும் அமையலாம். வயிற்றுக் கோளாறென்றோ இளைப்பென்றோ எண்ணி ஏமாறக்கூடாது. படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோன பிள்ளை மீண்டும் நனைத்து, நீரும் ஓயாமல் கேட்டால், அன்றைக்கே சர்க்கரையைச் சோதித்துவிட வேண்டும்.

காய்ச்சலோ வாந்தியோ வந்து உணவு இறங்காதபோது, “சாப்பிடவில்லையே, இன்சுலின் எதற்கு?” என்று ஊசியை நிறுத்துவதே பலரை நெருக்கடியில் தள்ளும் பிழை. நோயுற்ற உடலுக்குப் பெரும்பாலும் இன்சுலின் தேவை கூடுமே தவிரக் குறையாது. அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம், நாமாக நிறுத்தலாகாது. சில மணிக்கு ஒருமுறை சர்க்கரையைச் சோதித்து, இனிப்பில்லாத நீரைச் சிறுகச் சிறுகப் பருக வேண்டும். இருமுறை சோதித்தும் 300க்கு மேலேயே நின்றால், அல்லது சிறுநீரில் கீட்டோன் காட்டினால், உடனே மருத்துவரை நாட வேண்டும். அபாயக் குறி ஒன்று தோன்றினாலும் எண்ணுக்காகக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் புதுவகை மாத்திரை உண்போருக்குச் சர்க்கரை அதிகம் ஏறாமலே அமிலம் ஏறுவதுண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சோதிக்காமல் இன்சுலினும் போடக்கூடாது. சர்க்கரை தாழ்ந்தும் மயக்கம் வருமாதலால், அச்செயலே உயிருக்கு உலையாகிவிடும்.

வெளிமாநிலத்தில் வாழ்வோருக்கு மொழியும் ஒரு தடை. தாகத்தைத் தெலுங்கில் தாஹம் என்பர், புரிந்துவிடும். ஆனால் ஆயாசம் என்னும் சொல் நமக்குக் களைப்பைக் குறிக்க, தெலுங்கருக்குப் பெரும்பாலும் மூச்சிரைப்பைக் குறிக்கும். அவசர வேளையில் இத்தகைய சொல்லே வழிமாற்றிவிடலாம். ஆகவே நோயின் பெயர், மருந்துகள், இன்சுலின் அளவு, கடைசியாகப் போட்ட நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்திருப்பது நலம். ஊருக்கு ரயில் ஏறும்போது இன்சுலினைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். தனித்து வாழ்வோர் அண்டை வீட்டார் ஒருவருக்கேனும் தம் நோயைச் சொல்லிவைக்க வேண்டும். செகந்தராபாத்தில் கந்தகிரி முருகனை வணங்கச் செல்வோர், அப்பகுதிக்கு அருகிலேயே காந்தி மருத்துவமனை இருப்பதையும் தெரிந்து வைத்திருக்கலாம். எந்த ஊராயினும், இரவு முழுதும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை நோய் வருமுன் அறிந்திருப்பது இல்லறத்தாரின் கடமை.

குஸ்மௌல் கேட்ட மூச்சுக்கு அன்று மருந்து இல்லை. இன்று மருந்து உண்டு. அழைத்தால் வரும் வண்டியும் உண்டு. நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள சில மணி நேரம் மட்டும் இன்னும் வீட்டார் கையில் இருக்கிறது. அந்த மூச்சை முதலில் கேட்பவர்கள் அவர்களே.