நெற்றி கறுக்கிறதா? வாசனைப் பொருள் ஒவ்வாமையாக இருக்கலாம்

சிம்பாங் ரெங்கம்: செம்பனைத் தோட்டமோ பட்டணத்து வீடோ, சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய், நெற்றிக்குக் குங்குமம் என்று வாசனையோடுதான் நம் காலை தொடங்குகிறது. அரிப்பு வந்தால் வெயிலையும் சாப்பாட்டையும் குறை சொல்வோம், வாசனையை நினைப்பதில்லை.

இந்த ஒவ்வாமை முதல் நாளே வராது. பல ஆண்டுகள் பயன்படுத்திய பொருளும் ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோலில் பட்டு ஓரிரு நாளில் சிவந்து அரிக்கும். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

பொட்டு வைக்கும் இடம் கறுப்பதும் இதன் அறிகுறியாகலாம். குங்குமத்தால் ஏற்பட்ட கருமையைச் சிங்கப்பூரில் 1986-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்துள்ளனர். கடைக் குங்குமத்தில் சாயத்தோடு வாசனை எண்ணெயும் இருக்கலாம்.

‘லைரல்’ என்ற செயற்கை வாசனைப் பொருள் பலருக்கு ஒவ்வாமை தந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அதன் விற்பனையை முற்றாக நிறுத்தியது. லேபிளில் பெயர் குறிப்பிட வேண்டிய 26 வாசனைப் பொருள்களின் பட்டியலை 2023-இல் 80-க்கும் மேலாக விரித்தது. ‘இயற்கை’ என்றாலும் கவனம் தேவை: பூ, பழத்தோல் எண்ணெய்களிலுள்ள லினலூல், லிமோனின் ஆகியவை காற்றுப் பட்டுப் பட்டு ஒவ்வாமை தருபவையாக மாறும்.

காரணத்தை ‘பேட்ச் டெஸ்ட்’ காட்டும். முதுகில் ஒட்டுவதை இரண்டு நாளில் எடுத்து, ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, தோல் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். வீட்டில் பயன்படுத்தும் டப்பா, பாட்டில்களையும் கொண்டு செல்லுங்கள்.

கடையில் ‘பிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றிருப்பதைத் தேடுங்கள். ‘அன்சென்டட்’ என்பதில் மணத்தை மறைக்கும் வாசனைப் பொருள் இருக்கக்கூடும்.